இன்று யார் முறை?



இந்தப் பட்டமளிப்பு விழா உரைக்கு அழைப்பு வந்தபோது உங்கள் கல்லூரி முதல்வரிடம் ஒன்றைச் சொன்னேன். நான் அறிவியலாளர் அல்ல; கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவள். ஆனால் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த நாளிலிருந்து இன்றுவரை, தை பிறந்தால் பங்குனி முடியும்வரை, வாரத்தில் ஓர் இரவு சென்னைக் கடற்கரையில் ஆமைத் தடம் தேடி நடக்கிறேன். “அதைப் பற்றியே பேசுங்கள்” என்றார். ஆகவே உங்களை இந்த அரங்கிலிருந்து கொஞ்ச நேரம் நீலாங்கரை மணலுக்கு அழைத்துப் போகிறேன்.

நேரம் நள்ளிரவை நெருங்குகிறது. ஏழெட்டுப் பேர் கூடியிருக்கிறோம். கையில் ஒரு கம்பு, தோளில் ஒரு துணிப்பை, சட்டைப்பையில் ஒரு நோட்டு. டார்ச் விளக்கு இருக்கிறது, ஆனால் அணைத்து வைத்திருக்கிறோம். அலை வந்து தொட்டுத் திரும்பும் ஈரக்கோட்டை ஒட்டியே வடக்கு நோக்கி, பெசன்ட் நகர் பக்கம் இருக்கும் பொரிப்பகம் வரை நடை. ஏழு கிலோமீட்டருக்குக் குறையாது. கண் இருட்டுக்குப் பழகியதும், கடலிலிருந்து மேட்டை நோக்கி ஒரு தடம் ஏறுவது தெரியும். சின்ன டிராக்டர் ஒன்று ஏறிப்போனது போல, இருபுறமும் துடுப்பு மாறிமாறி ஊன்றிய வடு. அருகிலேயே இறங்கிப்போன இன்னொரு தடம். இரண்டுக்கும் நடுவே, மணல் கலைந்த இடத்தில் கூடு இருக்க வேண்டும்.

வந்துபோனது பங்குனி ஆமை. பங்குனி மாதத்தை ஒட்டிக் கரையேறுவதால் கடலோர மக்கள் வைத்த பெயர் அது. நாற்பது கிலோ எடையுள்ள தாய், தரையில் நடக்கத் தோதில்லாத உடம்பை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்து, பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறிக்கும். வாய் குறுகி அடி அகன்ற பானை வடிவக் குழி. அதில் 100, 120 முட்டைகள் இட்டு, மணலை மூடி, உடம்பை இடமும் வலமும் ஆட்டித் தட்டி இறுக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு அந்தக் கூட்டைப் பார்க்க அது வருவதே இல்லை.

கம்பால் மெல்லக் குத்திப் பார்ப்போம். இறுகிய மணலுக்கு நடுவே ஓரிடத்தில் கம்பு இளகி இறங்கும். அங்கிருந்து கையால்தான் தோண்ட வேண்டும். பிங்பாங் பந்து போன்ற, ஆனால் தோல் போல மெத்தென்ற முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் வைப்போம். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, பொரிப்பகத்தில் அதே அளவில் குழி எடுத்துப் புதைப்போம். இவை எல்லாம் சில மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நேரம் கடந்தால் கரு முட்டை ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பின் முட்டையைப் புரட்டினால் கரு பிழைக்காது. கடலாமை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கும் உயிர். ஆகவே வனத்துறையின் அனுமதி இல்லாமல் யாரும் ஒரு முட்டையைக்கூடத் தொடக் கூடாது. ஆர்வம் இருக்கிறது என்பதற்காக எதையும் செய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு முதல் இரவிலேயே சொல்லப்படும் பாடம் இது.

இயற்கையாகவே பொரிய வேண்டியதை ஏன் எடுத்து வைக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். 45 முதல் 60 நாள்களில் முட்டை பொரியும். உள்ளங்கையில் நாலைந்து அடங்கும் குஞ்சுகள், மணல் குளிர்ந்த பிறகு இருட்டில் வெளியே வரும். அவற்றுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போ. பல கோடி ஆண்டுகளாக அந்த வெளிச்சம் கடலின் அடிவானம். இன்று சென்னையில் அது சாலை விளக்கு. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தார்ச்சாலைக்கு ஊர்ந்து போகின்றன. நாய்களுக்கும் காக்கைகளுக்கும் தப்பியவை சக்கரத்தில் அடிபடுகின்றன. நாம் போட்ட விளக்கு என்பதால்தான், கூட்டை இடம் மாற்றும் பொறுப்பும் நம்முடையதாகிறது.

தமிழ் படித்த நண்பர்களுக்கு அகநானூற்றின் 160ஆம் பாட்டு நினைவுக்கு வரலாம். குமுழி ஞாழலார் நப்பசலையார் பாடியது. சூல் முதிர்ந்த ஆமை, அடும்புக் கொடி சிதைய ஏறிவந்து, வெண்மணலில் யாருக்கும் தெரியாமல் முட்டையிட்டுப் புதைப்பதை அந்தப் புலவர் அப்படியே கண்ணில் நிறுத்துகிறார். முட்டையின் உருண்டை வடிவமும் புலால் நாற்றமும்கூடப் பாட்டில் இருக்கின்றன. இரவில் மணலில் உட்கார்ந்து பார்த்தவருக்கே வரும் சொற்கள் அவை. அதே பாட்டில், குஞ்சு பொரியும்வரை ஆண் ஆமை அந்த முட்டைகளைக் காவல் காப்பதாகவும் சொல்கிறார்.

அந்த ஒன்று மட்டும் நடப்பதில்லை. ஆண் ஆமை கடலுக்குள் போனால் பிறகு கரைக்கு வருவதே கிடையாது. முட்டைக்குக் காவல் யாருமில்லை. ஆனாலும் நான் அந்த வரிகளைத் தவறென்று ஒதுக்கியதில்லை. அத்தனை முட்டைகளை மணலில் விட்டுவிட்டு ஒரு தாய் போகிறாளே, யாராவது காக்க வேண்டாமா என்று ஒரு மனம் பதறியிருக்கிறது. பாட்டில் காவலுக்கு ஆள் வந்துவிட்டது. கரையில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. நாங்கள் இரவில் போய் நிற்பது அந்த இடத்தில்தான்.

அந்த இடத்தை முதலில் நிரப்பியவர்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையின் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இதே கரையில் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களோடு சேர்ந்தவர் சதீஷ் பாஸ்கர். ஐஐடி மெட்ராஸில் பொறியியல் படிக்க வந்தவர்; இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து எங்கெங்கே ஆமைகள் கரையேறுகின்றன என்று குறித்து வைத்தவர். 1982இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவுகளில் ஒன்றில், படகுப் போக்குவரத்து நின்றுவிடும் மழைக்காலம் முழுவதும், ஆமைகளைக் கவனிப்பதற்காகத் தனியே தங்கினார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் சேர்ந்து, அந்த நல்ல மனிதர் அஞ்சலில் அனுப்பி, வீடு வந்து சேர்ந்தது. 1988இல் கல்லூரி மாணவர்கள் கூடி, கடலாமைப் பாதுகாப்புக்கு என்றே ஒரு மாணவர் அமைப்பைச் சென்னையில் தொடங்கினார்கள். அவர்கள் உங்கள் வயதினர். தொடங்கியவர்கள் வேலைக்கும் வெளியூருக்கும் போனார்கள், அடுத்த அணி வந்தது, நடை நிற்கவில்லை. இன்றும் ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது.

அது எப்படி நிற்காமல் நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

என் இரண்டாவது பருவம் அது. எங்களுக்குள் ஒரு முறைப்பட்டியல் உண்டு. எந்த இரவு யார் நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியிருக்கும். என் இரவன்று மழை வரும் போலிருந்தது. மறுநாள் தேர்வும் இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை, சும்மா சோம்பல். வேறு யாராவது போவார்கள் என்று படுத்துவிட்டேன். அன்றைக்கு ஆள் குறைந்ததால் நடை பாதியிலேயே நின்றுவிட்டது. விடிந்தபின் மனம் கேட்காமல் போய்ப் பார்த்தேன். பெரிய தடம் ஒன்று மேடேறி இருந்தது. அதன் முடிவில் குழி. சுற்றிலும் நாய்க் கால்தடங்கள். முட்டைத் தோல்கள் காற்றில் மணலோடு உருண்டுகொண்டிருந்தன.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். எந்த மேட்டில் ஆமை ஏறும், எந்தக் காற்றில் ஏறாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். என்னைத் திட்டவில்லை. “நேத்து யார் மொறம்மா?” என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னோடு இருக்கிறது. முறை. நம் மொழியில் எத்தனை பொருள் அந்தச் சொல்லுக்கு! வரிசையில் என் இடம் வருவது முறை. ஒரு காரியத்தைச் செய்யும் ஒழுங்கு முறை. மன்னன் நீதி வழங்கினால் முறை செய்தான் என்கிறோம். ஒருவர் நமக்கு என்ன உறவு என்று கேட்கவும், “அவங்க உனக்கு என்ன முறை?” என்கிறோம். பொரிப்பகத்தில் கூட்டுக்கு எண் எழுதிய பலகையை நடும்போதெல்லாம் எனக்கு இந்தப் பொருள்கள் ஒன்றாகவே தோன்றும். முறை வரும்போது போய் நிற்கிறோம். சொல்லித்தந்த முறைப்படி செய்கிறோம். இப்படியே பல பருவம் போனால் அந்த உயிருக்கும் நமக்கும் ஒரு முறை ஏற்பட்டுவிடுகிறது.

நண்பர்களே, வருடந்தோறும் புதியவர்கள் பலர் ஆசையோடு வருவார்கள். முதல் சனிக்கிழமை கூட்டம் நிறைந்திருக்கும். நான்கு மணி நேரம் நடந்தும் ஆமையே கண்ணில் படாத இரவுதான் அதிகம். கால் வலி, கண் எரிச்சல், குப்பையும் கண்ணாடித் துண்டும் கிடக்கும் மணல். மாசி முடிவதற்குள் கூட்டம் கரைந்துவிடும். மிஞ்சி நிற்பவர்கள் மற்றவர்களைவிட இயற்கையை அதிகம் நேசிப்பவர்கள் என்று நான் நினைக்கவில்லை. செவ்வாய் இரவு என் முறை என்று தெரிந்தவர்கள், அவ்வளவுதான். அவர்களால்தான் குஞ்சுகள் கடலைச் சேர்கின்றன.

அவர்கள் செய்யும் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். தணிக்கையாளர் என்பதால் எனக்கு அது மனத்துக்கு நெருக்கமானது. அந்த நோட்டு. கூடு கிடைத்த இடம், நேரம், முட்டை எண்ணிக்கை, பொரிந்தவை எத்தனை, பொரியாதவை எத்தனை. செத்து ஒதுங்கிய ஆமைகளும் அதே நோட்டில் ஏறும். ஆமைக்கு நுரையீரல், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கப்படும் மடிவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் கம்பித் தடுப்பை வலையில் பொருத்தலாம். கருவி இருக்கிறது, பயன்படுத்துவோர் குறைவு. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். அது தொடங்கும்போது முட்டையிடும் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. இது வழக்கமான சாவு அல்ல, பேரழிவு என்று ஒருவர் துணிந்து சொல்ல வேண்டுமானால், வழக்கமான ஆண்டில் எத்தனை என்று எண்ணி வைத்திருக்க வேண்டும். யாரும் கைதட்டாத இரவுகளில், ஈரக் கையோடு எழுதிய எண்கள்தான் அங்கே சாட்சி சொல்கின்றன.

நீங்கள் அனைவரும் ஆமைக்காக நடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்களில் பலர் கோவைக்கும் திருநெல்வேலிக்கும் போவீர்கள், சிலர் கடல் தாண்டியும் போவீர்கள். போகிற இடத்தில் ஒரு கண்மாயோ குன்றோ சதுப்பு நிலமோ இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் நாலு பேரும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள்; பதினைந்து நிமிடம் நின்று எண்ணினால்கூட அது பட்டியலில் சேரும். முதல் வருடம் உங்களுக்கு எந்தப் பொறுப்பும் தரமாட்டார்கள். கூடை கழுவச் சொல்வார்கள், கம்பு தூக்கச் சொல்வார்கள். செய்யுங்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். யோசனை சொல்வதற்கு முன் ஒரு பருவம் முழுக்க உடன் இருங்கள்.

வேலைக்குப் போன பின் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் மாதம். அதே மார்ச்தான் ஆமைகள் கரையேறும் மாதம். குழந்தை பிறந்த இரண்டு பருவங்கள் நான் போகவில்லை. என் இரவைத் தோழி ஒருத்தி எடுத்துக்கொண்டாள். பிறகு அவளுடைய இரவை நான் எடுத்துக்கொண்டேன். ஒருவரே எல்லா நாளும் சுமக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தானே முறை வைக்கிறோம்.

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றோ இரண்டோதான் வளர்ந்து பெரிதாகும் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படித் தப்பிய பெண் குஞ்சு பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, தான் பிறந்த கரைப்பக்கமே முட்டையிடத் திரும்பும். நான் மாணவியாக இருந்தபோது எண்ணிப் புதைத்த கூட்டிலிருந்து போன ஒன்று, இந்த மாசியில் என் கண்முன்னே கரையேறியிருக்கலாம். எனக்குத் தெரியப்போவதில்லை. அதற்கும் என்னைத் தெரியாது. அது வரும் நேரத்தில் கரையில் ஒருவர் விழித்திருந்தால் போதும்.

உங்கள் பட்டத்துக்கு என் வாழ்த்துகள். உங்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்த பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் வணக்கம். அடுத்த வெள்ளி இரவு என் முறை. அதற்கு அடுத்த வாரத்தில் மூன்று இரவுகளுக்கு நேரே இன்னும் பெயர் எழுதவில்லை. அந்தத் தாளையும் ஒரு பேனாவையும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். விழா முடிந்ததும் வாசலில் நிற்பேன்.