கட்டிலும் அடுப்பும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் லிந்துலையில் ஆற்றிய உரை)



ஊருக்கும் பயன்பட வேண்டும், சூழலையும் கெடுக்கக் கூடாது என்று தொழில் தொடங்கும் பெண்ணுக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது? இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பயிற்சிப் பட்டறைகளில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "என்னால் முடியும்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். நானும் சொல்லியிருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது.

எனக்குக் கைகொடுத்தது ஓர் அப்பளக் கதை. 1959 மார்ச் 15ஆம் திகதி பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, குடியிருப்பின் மொட்டைமாடியில் அப்பளம் போட்டார்கள். அன்று தேறியது நான்கு பக்கற். அதுதான் இன்றைய லிஜ்ஜத். 40,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் வேலை செய்கிறார்கள், அவர்களே உரிமையாளர்களும்கூட. எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் முதல் வருடத்திலேயே மழை வந்து அப்பளம் காயவில்லை. நாலு மாதம் வேலை நின்றது. அடுத்த மழைக்கு முன் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில்மேல் அப்பளம், கீழே அடுப்பு. ஜூன் பிறந்தால் போட்ட துணி காயாத லிந்துலைக்காரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அங்கே காலையில் மாவை வாங்கிப் போய், வீட்டில் இட்டு, மறுநாள் கொண்டுவந்தால் அப்போதே கூலி. நிறுவையடியில் நின்ற எங்கள் அம்மாமாருக்கு அதன் அருமை தெரியும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். எதெதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பது மாதம் முடிந்து சம்பளச் சீட்டு வந்தால்தான் தெரியும். அப்படி வளர்ந்த பெண்ணிடம் "உன் உழைப்பின் விலை என்ன?" என்று கேட்டால் எப்படிச் சொல்வாள்?

எங்கள் கதைக்கு வருகிறேன். 2017 செப்டெம்பரில் மெல்லிய பொலித்தீன் பைகளுக்குத் தடை வந்தது. நாங்கள் ஐந்து பேர் துணிப்பை தைக்கத் தொடங்கினோம். கடைக்குப் போய்ப் பேசுவது என் வேலை, படித்தவள் என்பதால். முதலில் கொடுத்த 60 பைகளும் திரும்பி வந்தன. எல்லாம் கைப்பிடி கழன்றவை. குற்றம் எங்களுடையதுதான். நான் அழுதேன், வேண்டாம், விட்டுவிடுவோம் என்றும் சொன்னேன்.

எங்களில் மூத்த அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், 28 வருடம் கொழுந்து எடுத்தவர். அவர் ஒரு பையில் ஐந்து கிலோ மாவைப் போட்டு லயத்துக் காம்பராவில் ஆணியில் தொங்கவிட்டார். விடியும்போது தையல் எந்த இடத்தில் விடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். தலையில் கூடைக் கயிறு எங்கே அறுக்கும் என்று தெரிந்தவருக்கு இது பெரிய வித்தையா? கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்காக இரண்டு தையல் ஓட்டினார்.

அடுத்த தடவை கடைக்கு அவரே வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே பையை நீட்டி, "மொதலாளி, நீங்களே இழுத்துப் பாருங்க" என்றார். முதலாளி இழுத்தார், சிரித்தார், 20 பை எடுத்தார். 60 அல்ல, 20தான். அன்றிலிருந்து எங்கள் கணக்குக் கொப்பி அக்காவிடம் இருக்கிறது.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் அக்காமார் "எவ்வளவு அனுப்பட்டும்?" என்று கேட்கிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. நட்டம் வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்று லிஜ்ஜத் பெண்கள் தொடக்கத்திலேயே முடிவெடுத்தார்கள். அவ்வளவு வீறாப்பு எங்களுக்கு இல்லை. தையல் மெஷின் தந்தால் வாங்கிக்கொள்வோம். ஆனால் பையை வாங்குங்கள். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். பாவம் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மண்டபத்துக்கு வெளியே மேசையில் பைகள் இருக்கின்றன. விலை எழுதியிருக்கிறது. கொப்பியோடு அக்கா உட்கார்ந்திருக்கிறார். பேரம் பேசுவதென்றால் அவரோடு பேசிப் பாருங்கள்.