வீதியும் பஸ்ஸும் யாருடைய பொறுப்பு?



கிராமத்து வீதியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். இது அற்ப விடயம் என எண்ணுவோர் உளர். மாரி காலத்தில் நோயாளியைக் கட்டிலோடு பிரதான வீதிவரை சுமந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். நம் வீதிகளுக்கு அதிபதிகள் மூவர். ‘ஏ’, ‘பி’ எனக் குறிக்கப்பட்ட நெடுஞ்சாலைகள், நாடு முழுவதும் ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர், மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. ‘சி’, ‘டி’ வீதிகள், 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின் வழியாக மாகாண சபைகளைச் சார்ந்தவை. எஞ்சிய ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பிரதேச சபைகளின் பொறுப்பு. நீளத்தில் மிகப் பெரிய பங்கு பிரதேச சபைக்கு. பணத்தில் மிகச் சிறிய பங்கும் அதற்கே! சோலைவரி, அனுமதிக் கட்டணம், மாகாணத்தின் வழியே வந்து சேரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் இவற்றை நம்பியே அது வாழ வேண்டும்.

பஸ் சேவையின் நிலை என்ன? 1958 ஜனவரி 1 இல், கம்பனிகளின் கையிலிருந்த சேவை தேசியமயமாக்கப்பட்டது. இலாபம் தரும் வழியின் வருவாய், இலாபம் தராத வழியைத் தாங்கும் என்பதே அதில் கிராமத்துக்குக் கிடைத்த நம்பிக்கை. 1979 இல் தனியாருக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. இன்று இலங்கைப் போக்குவரத்துச் சபை மத்திய அரசின் கீழ் இயங்குகின்றது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் வண்டிக்கு மாகாணம் அனுமதி வழங்குகின்றது. மாகாண எல்லை கடக்கும் தனியார் வண்டிக்கோ 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு அனுமதி வழங்குகின்றது.

இதன் விளைவைக் காணுங்கள். பஸ் ஏன் வரவில்லை என்றால், வீதி கெட்டுவிட்டது என்கின்றார்கள். வீதியை ஏன் திருத்தவில்லை என்றால், பஸ் ஓடாத வீதிக்கு முதலிடம் இல்லை என்கின்றார்கள். ஒருவர் மற்றவரைக் காட்டுகின்றார். நடுவில் நிற்பவள் பாடசாலை செல்லும் சிறுமி. யாழ்ப்பாணம் – பருத்தித்துறை போன்ற பெருவழிகளில் இரு தரப்பு வண்டிகளும் ஒரே பயணிக்காகப் போட்டியிட, உள்ளூர் வழிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன.

வீதி பாரத்தால் மட்டும் கெடுவதில்லை. பெரும்பாலும் தண்ணீராற் கெடுகின்றது. குடாநாடு தட்டையான நிலம். நீர் தானே ஓடிவிடாது. வெள்ளவாய்க்காலை மறித்து மதில் கட்டுகின்றோம். மதகில் குப்பை கொட்டுகின்றோம். நடு உயர்ந்து இரு புறமும் சரிய வேண்டிய வீதி குழிந்து குளமாகின்றது. தாரின் அடியில் நீர் புகுந்தபின் அத்திவாரம் நெகிழ்கின்றது. ஆவணியில் ஒரு குழியை அடைக்க மறுத்தவர்கள், தைமாதத்தில் முழு வீதியையும் போடப் பணம் தேடுகின்றார்கள். புது வீதிக்குத் திறப்பு விழா உண்டு. வாய்க்கால் துப்புரவுக்கு விழா இல்லை. அதனாலேயே பராமரிப்பு அநாதையாய்க் கிடக்கின்றது.

ஆகவே மூன்றைக் கோருகின்றோம். ஒன்று: ஒவ்வொரு சபையும் தன் வீதிகளின் பதிவேட்டைத் திருத்தி, எவ்வீதி எவருக்குரியது என்பதை மக்கள் காண வைக்க வேண்டும். இரண்டு: வடகீழ் மழை தொடங்குமுன், செப்ரெம்பர் முடிவதற்குள், வாய்க்காலும் மதகும் துப்புரவாக வேண்டும், அதற்கென்று வரவு செலவுத் திட்டத்தில் தனிப் பணம் ஒதுக்க வேண்டும். மூன்று: இரு தரப்பு வண்டிகளுக்கும் இணைந்த நேர அட்டவணை அமைய வேண்டும், கிராம வழியும் அதில் இடம்பெற வேண்டும். நட்டமான கிராம வழிகளுக்குக் ‘கெமி செரிய’, மாணவருக்குச் ‘சிசு செரிய’ என உதவித் திட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. கேளாதவர் வாசலுக்கு அவை வாரா.

யாரிடம் கேட்பது? 2013 இல் நாம் தெரிந்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக ஆளுநரும் அதிகாரிகளுமே மாகாணத்தை நடத்தினர். பிரதேச சபைகளும் 2023 மார்ச் முதல் 2025 மே 6 தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே கிடந்தன. வாக்கில்லாத இடத்தில் வகைசொல்லும் கடமையும் இல்லை. மாகாணத் தேர்தலைக் கேட்பது வெறும் பதவி ஆசை அன்று; ஒழுங்கைக்கு மண் கேட்பதும் அதனுள் அடங்கும்.

1848 இல் ஆங்கில ஆட்சி, ஆண்கள் ஆண்டில் ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், அன்றேல் பணம் கட்ட வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. அன்று தொட்டு இந்நாட்டு வீதிகளுக்கு மக்களே விலை கொடுத்து வருகின்றார்கள். ஆதலின் நாம் கேட்பது பிச்சை அன்று. கொடுத்த பணத்துக்குக் கணக்கு. அக்கணக்கை அடுத்த சபைக் கூட்டத்திலேயே கேட்போமாக!