தூங்காத கம்ப்யூட்டர்

ராத்திரி கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் படுக்கிறோம். நடுராத்திரியில் எழுந்தால் திரை வெளிச்சம் கூடம் முழுக்க அடிக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு வாரம் இதே கதை.

ஸ்லீப் என்றால் முழுசாக அணைவதில்லை. திறந்து வைத்த வேலை அழியாமலிருக்க, நினைவகத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மவுஸோ கீபோர்டோ லேசாக அசைந்தாலே எழுந்துவிடும்.

யார் எழுப்பியது என்று விண்டோஸிடமே கேட்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு, ஒட்டியே லாஸ்ட்வேக் என்று அடியுங்கள். எங்களுக்கு வந்த பதில், மவுஸ்! கால் ஆடுகிற பழைய மேஜை. தெருவில் லாரி போனாலே அதிரும். அந்த அதிர்வைக் கை அசைவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, பாவம்.

டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் கம்ப்யூட்டரை எழுப்பும் அனுமதிக்கான டிக்கை எடுத்தேன். இப்போது கீபோர்டைத் தட்டினால்தான் எழும்.

சில கம்ப்யூட்டர் தூங்கவே போகாது. அதற்குக் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, லாஸ்ட்வேக்குக்குப் பதில் ரிக்வெஸ்ட்ஸ் என்று அடியுங்கள். மூட மறந்த ஏதோ ஒரு வீடியோவை ஓட்டும் செயலியின் பெயர் அங்கே இருக்கலாம்.