தஞ்சையிலிருந்து சென்ற பந்தாட்டக்காரர்



சித்தூரிலும் திருப்பதியிலும் வழிவழியாக வாழ்வோராயினும், பிழைப்பை நாடி வந்தோராயினும், தமிழ் மக்களுக்குக் குலோத்துங்கன் என்ற பெயர் அன்னியமானதன்று. 1070-ஆம் ஆண்டில் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன் வேங்கி நாட்டுச் சாளுக்கிய மரபில் தோன்றியவன். இராசேந்திர சோழனுக்கு மகள் வயிற்றுப் பேரன். ஆந்திர நாட்டு அரச குலத்தில் பிறந்து தமிழ் நாட்டை ஆண்ட அம்மன்னனின் பெயரைத் தாங்கி, தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டு, வங்காளத்தில் புகழ் ஈட்டி, நாற்பது வயதில் மறைந்துபோன கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றியே இன்று நாம் பேச எண்ணுகிறோம்.

கல்கத்தா நகரில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. 1889-ல் தோன்றிய மோகன் பகான், 1891-ல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங், 1920-ல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று சங்கங்களும் அந்நகர மக்களைப் பங்கு போட்டுக்கொண்டவை. இவற்றுள் ஒன்றில் இடம் கிடைப்பதே அரிது. குலோத்துங்கனோ மூன்றிலும் ஆடினார். நடுக்களத்தில் நின்று, பின்னால் காப்பவருக்கும் முன்னால் கோல் அடிப்பவருக்கும் இடையே பந்தைக் கொண்டு செலுத்துவது அவருடைய பணி. கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வரும். அதற்கு வழி அமைத்தவரின் பெயர் பல வேளைகளில் வராது. மொழிபெயர்ப்பு அலுவலில் காலம் கழிக்கும் நம் போன்றோருக்கு இந்நிலை நன்கு விளங்கும். வங்காள மொழியும் வங்காளத்து உணவும் பழகி, தம் தமிழ்ப் பெயர் வேற்று நாவில் சற்றே உருமாறி ஒலிப்பதைக் கேட்டு வாழ்வது எத்தகையது என்பதை வெளி மாநிலத் தமிழருக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அவருடைய ஆட்ட வாழ்வின் சிகரம் 2003-ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜூலை மாதம் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியான் சங்கங்களின் போட்டிக்கு ஈஸ்ட் பெங்கால் அழைக்கப்பட்டது. சுபாஷ் பௌமிக் பயிற்றுவித்த அக்குழுவில் குலோத்துங்கனும் ஒருவர். முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பெக் டெரோ சசானா சங்கத்திடம் தோற்ற அக்குழு, ஜூலை 26-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் அதே சங்கத்தை 3–1 என்ற கணக்கில் வென்றது. 1962-ல் ஆசிய விளையாட்டில் இந்தியா தென் கொரியாவை வீழ்த்தித் தங்கப் பதக்கம் பெற்றதும் அதே ஜகார்த்தா மைதானத்தில்தான். அந்த 1962-ஆம் ஆண்டுக் குழுவின் பயிற்சியாளர் ஹைதராபாத்தின் ரஹீம். குழுவில் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்தராபாத்தில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன். ரஹீம் மறு ஆண்டே புற்றுநோயால் மறைந்தார். பலராமோ நுரையீரல் நோயின் காரணமாக இருபத்தேழு வயதிற்குள் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. அவர் நெடுநாள் வாழ்ந்து 2023-ல் காலமானார் என்பது ஆறுதல்.

2003-ஆம் ஆண்டுப் போட்டியில் வெற்றியைக் காட்டிலும் நினைவுகூரத் தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. காலிறுதி ஆட்டத்தில் தேவ்ஜித் கோஷ் என்ற ஆட்டக்காரர் மோதி விழுந்து மூச்சு அடைத்துப்போனார். உடன் ஆடிய பிரேசில் நாட்டு டக்ளசும் குழுவின் மருத்துவரும் கணமும் தாமதியாது உதவியதால் உயிர் மீண்டார். அடுத்த ஆண்டே வேறொரு முடிவு நேர்ந்தது. 2003–04 பருவத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிய பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், பின்னர் கோவாவின் டெம்போ சங்கத்தில் சேர்ந்தார். 2004 டிசம்பர் 5-ஆம் நாள், பெங்களூரில் நடந்த பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் தம் இரண்டாவது கோலை அடித்த கையோடு எதிர்க் குழுவின் கோல் காப்பாளருடன் மோதி வீழ்ந்தவர், பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 25. மைதானத்தில் போதிய மருத்துவ ஏற்பாடு இல்லை என்ற குறைகூறல் அப்போது நாடெங்கும் எழுந்தது.

குலோத்துங்கன் பின்னர் மும்பை, கேரளம் ஆகிய இடங்களின் சங்கங்களுக்கும் ஆடினார். சந்தோஷ் கோப்பையில் தமிழ்நாட்டின் சார்பாகவும் களம் இறங்கினார். இறுதியில் சொந்த ஊரான தஞ்சாவூரிலேயே, 2018 அக்டோபர் 20-ஆம் நாள், மோட்டார் சைக்கிள் விபத்தில் உயிர் நீத்தார். எத்தனையோ ஆயிரம் பேர் ஆரவாரம் செய்த மைதானங்களில் அடிபடாமல் மீண்டவர், தம் ஊர்ச் சாலையில் மடிந்தார். கல்கத்தா ரசிகர்கள் கண்ணீர் வடித்தனர். தமிழ்நாட்டிலோ, இப்படி ஒருவர் நம்மிடையே இருந்தார் என்பதையே பலர் அன்றுதான் அறிந்தனர்.

நேயர்களே, கால்பந்தைத் தொழிலாகக் கொண்டவனுக்கு உடலே மூலதனம். அது பதினைந்து ஆண்டு தாங்கினால் பெரும் பேறு. முன்னாளில் இரயில்வே, காவல் துறை, வங்கி முதலிய நிறுவனங்கள் ஆட்டக்காரருக்கு வேலை கொடுத்தன. ஆட்டம் ஓய்ந்த பிறகும் சம்பளம் ஓயவில்லை. ஒப்பந்த முறையில் ஆடுவோருக்கு அப்பாதுகாப்பு இல்லை. பாலக்காட்டைச் சேர்ந்த தன்ராஜன், அதே மூன்று கல்கத்தா சங்கங்களிலும் ஆடியவர். பின்னர் கேரளத்தில் எழுவர் ஆட்டப் போட்டிகளில் ஆடி வந்தார். 2019 டிசம்பர் 29-ஆம் நாள் பெரிந்தல்மண்ணையில் ஆடிக்கொண்டிருக்கையில் மார்பு வலி கண்டு சாய்ந்தார், எழவில்லை. அவருக்கு வயது 39.

ஆகவே, மகன் பந்தாடப் போகிறேன் என்றால் தடுக்க வேண்டாம். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, ஆயுள் காப்பு உண்டா என்று பெற்றோர் கேட்டறிய வேண்டும். படிப்பையும் நடுவில் விடச் செய்தல் கூடாது. சங்கராந்தி, பொங்கல் நாட்களில் சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் இளைஞர் பந்தயம் நடத்துவோருக்கும் ஒரு கடமை உண்டு. கோப்பைக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் திரட்டுவது போலவே, ஒரு மருத்துவரையோ, மூச்சடைத்தவருக்கு முதலுதவி செய்யத் தெரிந்த ஒருவரையோ மைதானத்தில் இருத்துவது அவசியம். ஆந்திரத்தில் 2005-ல் தொடங்கிய 108 ஊர்தி எந்த வழியாக மைதானத்தினுள் வரும் என்பதை முன்னரே பார்த்து வைப்பதற்குச் செலவும் ஒன்றுமில்லை.

ஜகார்த்தாவில் ஒருவரின் உயிர் காத்தது, பக்கத்தில் இருந்தவரின் அறிவும் விரைவுமே. மறைந்த ஆட்டக்காரர்களின் பெயரை நினைவில் வைப்பது நன்று. அவர்களுக்குப் பின் ஆட வரும் பிள்ளைகளைக் காப்பது அதனினும் நன்று.