மேசைக்கும் வேண்டும் ரசமட்டம்

ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் எங்கே வகுக்கப்பட்டன தெரியுமா? நம்ம ஊட்டியில்! 1882-இல், ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் அங்குள்ள கிளப்பில் அவற்றை எழுதினார். அதற்கு நெருங்கிய உறவுதான் பூல்.

உங்கள் மாடி அறையில் ஒரு பூல் மேசை போடுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் சிக்கல், தரை. மழைத்தண்ணீர் வடிய, மொட்டை மாடிக்குக் கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். பிறகு அதை அறையாக்கினாலும் வாட்டம் போகாது. நம் கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரிந்துவிடும்.

துணிக்கு அடியில் இருப்பது கனமான கற்பலகை. பெரும்பாலும் மூன்று துண்டுகள். முதலில் மரச்சட்டத்தின் மேல் ரசமட்டத்தை நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள். தாழ்ந்த காலுக்கு அடியில் கெட்டியான தகடு கொடுங்கள். மடித்த அட்டை வைத்தால் நசுங்கிவிடும். அடுத்து, கல். இணைப்பை விரல் நுனியால் தடவினால் இடறக் கூடாது. இடுக்கில் மெழுகை உருக்கி ஊற்றி, சுரண்டிச் சமமாக்கிய பிறகே துணி விரிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு பந்தை மெதுவாக உருட்டுங்கள். வேகத்தில் நேராக ஓடும் பந்து, நிற்கப்போகும் நேரத்தில்தான் சாய்வைக் காட்டிக்கொடுக்கும். சில நாள் கழித்து மறுபடியும் சரிபாருங்கள்.

ஆட்டத்தில் கைத்திறன்தான் ஜெயிக்க வேண்டும், சாய்மானம் அல்ல. அந்த நியாயத்தைப் பிள்ளைகள் சமமான மேசையிலேயே கற்றுக்கொள்ளட்டும்.