நகராத பக்கம்

பிழைப்பு நாடி வெளி மாநிலம் வந்த நமக்கு ஊர்ச் செய்தியைக் கொணரும் தூதன் கைப்பேசியே. அத்தூதன் பாதி சொல்லி வாயடைத்து நின்றால் என் செய்வது?

2014ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி, ஊர் செல்லும் தனிப் பேருந்தில் இடம் பதிய நம் சங்கத்தார் இணையப் படிவம் ஒன்று அமைத்தோம். படிவத்தை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கி, பெட்டியின் உள்ளே மட்டும் எழுத்துகள் நகருமாறு செய்திருந்தோம். புதிய கைப்பேசிகளில் அது ஒழுங்காக நகர்ந்தது. ஆண்ட்ராய்டு 2.3 உலாவியிலோ அசையவேயில்லை. அனுப்பும் பொத்தான் அடியில் மறைந்து கிடந்தது. பழைய கைப்பேசி வைத்திருந்த தோழர் சிலர் இடம் பதிய இயலாமல், பொங்கலன்று ஊர் காணாது நின்றனர்.

காரணம் யாது? அப்பழைய உலாவி முழுப் பக்கத்தை நகர்த்த அறியும். பக்கத்தினுள் அமைந்த பெட்டியை நகர்த்த அறியாது. 2011இல் ஐ.ஓ.எஸ். 5 வரும்வரை ஐபோனிலும் அத்தகைய பெட்டியை நகர்த்த இரு விரல்கள் தேவைப்பட்டன.

ஜாவாஸ்கிரிப்டால் நகர்வைப் போலச் செய்து காட்டும் ஐஸ்க்ரோல் போன்ற நிரல்களும் இருந்தன. வலுக்குறைந்த கருவியில் அவை திணறின. ஆகவே பெட்டிக்கு விதித்த உயர வரம்பையே நீக்கினோம். படிவம் பக்கத்தோடு நீண்டது, பக்கத்தோடு நகர்ந்தது.

பந்தியில் கடைசியாக அமர்ந்தவர் இலையிலும் சோறு விழுந்ததா என்று பார்ப்பதன்றோ விருந்தோம்பல்! இணையப் பக்கம் அமைப்போரும் பழங்கருவி ஒன்றில் இறுதி வரி வரை நகர்த்திப் பார்த்தல் வேண்டும்.