வண்டியில் குளிர்ச்சி குறைந்தால் முதலில் எதைப் பார்ப்பது?



செட்டிநாட்டுப் பகுதியில் கண்மாய்ப் பாசன நெல் தை, மாசி மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது. சரக்கு வண்டி களத்துக்கும் கடைவீதிக்கும் ஓடுகிறது. பிறகு பங்குனி வெயில் ஏறும்போதுதான் வண்டியின் ஏ.சி. முன்போல் குளிரவில்லை என்பது தெரிய வருகிறது. உடனே பட்டறைக்குச் சென்று, "கேஸ் அடித்துக் கொடுங்கள்" என்று கேட்பது பலருடைய வழக்கம். சில வாரங்கள் நன்றாகக் குளிரும். பிறகு பழைய கதைதான். இந்த வீண் செலவை எப்படித் தவிர்ப்பது என்பதை இப்பொழுது பார்ப்போம்.

விவசாயிக்கு ஏ.சி. எதற்கு என்று சிலர் கேட்கலாம். இன்று பல அறுவடை இயந்திரங்களிலும் சில டிராக்டர்களிலும் ஏ.சி. அறை உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதித்துள்ளது. வெயிலில் சோர்ந்த ஓட்டுநர் தமக்கும் பிறருக்கும் ஆபத்து என்பதே இதன் அடிப்படை.

குளிர்ச்சி எப்படி உண்டாகிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஏ.சி.யிலும் அதே தத்துவந்தான். ஒரு திரவம் கூலிங் காயிலுக்குள் ஆவியாகி, அறையின் வெப்பத்தை உறிஞ்சிக் கொள்கிறது. பானை நீர் காற்றோடு போய்விடும். இங்கோ அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்தி, வண்டியின் முகப்பில் உள்ள கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வெளியில் விட்டுவிட்டு ஆவி மீண்டும் திரவமாகிறது. இப்படி அதே பொருள் சுற்றிச் சுற்றி வருகிறது.

இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. டீசலைப் போல இந்தக் கேஸ் எரிந்து தீர்வதில்லை. ரப்பர்க் குழாய்கள் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிதளவு கசியலாம். ஆனால், ஒரே கோடையில் இரண்டு முறை கேஸ் குறைந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் எத்தனை முறை நீர் மொண்டு ஊற்றினாலும் என்ன பயன்?

நீங்களே பார்க்கக்கூடியவை

பட்டறைக்குப் போகுமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. காற்றே குறைவாக வருகிறதா? அப்படியானால் கேஸைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். அறைக்குள் வரும் காற்றை வடிகட்டும் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். நெல் சுணையும் செம்மண் புழுதியும் அடைத்துக் கிடக்கும். தட்டிச் சுத்தம் செய்யுங்கள். மிகவும் அழுக்கேறியிருந்தால் புதியது போடுங்கள். அறுவடைக் காலத்தில் இதைத் தினமும் பார்ப்பது நல்லது. விசிறி அதிக வேகத்தில் மட்டும் சுழன்று, குறைந்த வேகங்களில் நின்றுவிட்டால், பெரும்பாலும் அதன் ரெசிஸ்டர் பழுதாகியிருக்கும். விசிறி அறவே சுழலாவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள்.

2. வண்டி ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடான காற்று வருகிறதா? கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. அதன் விசிறி ஓடுகிறதா, தகடுகளுக்கு இடையே வைக்கோல் தூள், பூச்சி, சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கண்டென்சர் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால், அது அடைத்தால் இஞ்சினும் சூடேறும். இஞ்சின் ஆறிய பிறகு, கை எட்டுமானால் உட்புறமிருந்து வெளிப்புறமாக, மிதமான வேகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பம்புசெட்டின் முழு வேகத்தில் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். காஸ்டிக் சோடா, ஆசிட் போன்றவற்றைத் தொடவே கூடாது. அவை அலுமினியத்தை அரித்துவிடும்.

3. காற்று பலமாக வந்தும் எப்போதுமே சூடாக இருக்கிறதா? இஞ்சினை ஓடவிட்டு, உள்ளே ஒருவரை ஏ.சி. சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். எட்ட நின்று கவனித்தால், பெரும்பாலான வண்டிகளில் 'டக்' என்ற ஓசையுடன் கம்ப்ரசரின் முன்தகடு புல்லியோடு சேர்ந்து சுழலும். சுழலாவிட்டால் பியூஸ், ரிலே, ஒயர், கிளட்ச் ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்கலாம். கேஸ் மிகவும் குறைந்தாலும் கம்ப்ரசர் ஓடாதபடி பாதுகாப்பு சுவிட்ச் தடுக்கும். 'கிறீச்' என்ற சத்தம் வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

4. முதலில் நன்றாகக் குளிர்ந்து, போகப்போகக் காற்று குறைந்து, சற்று நிறுத்திப் போட்டால் மீண்டும் குளிர்கிறதா? கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. பில்டர் சுத்தமாக இருந்தும் இப்படி நேர்ந்தால், குளிர் அளவைக் காட்டும் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

5. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா? கேஸோடு சேர்ந்து ஓடும் எண்ணெய் அது. ஓட்டை இருக்கும் இடத்தை அதுவே காட்டிக் கொடுக்கும்.

வண்டியின் அடியில் சுத்தமான தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். காற்றில் இருந்த ஈரம்தான் அப்படி வடிகிறது. அது உள்ளே கால் வைக்குமிடத்தில் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

எச்சரிக்கை

ஓடும் இஞ்சின் அருகே துண்டு, வேட்டி நுனி தொங்கக்கூடாது. சாவி போட்ட நிலையில் மின்விசிறி திடீரென்று சுழலத் தொடங்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கேஸ் குழாய்களை நீங்களே கழற்றவே வேண்டாம். பீறிடும் திரவம் தோலையும் கண்ணையும் உறையச் செய்து புண்ணாக்கும். மலிவு என்று சமையல் எரிவாயுவை யாரேனும் அடைக்க முன்வந்தால் உடன்படாதீர்கள். ஒரு தீப்பொறி போதும், வண்டி எரிந்துவிடும். இஞ்சினை ஓடவிட்டு மூடிய வண்டிக்குள் உறங்குவதும் உயிருக்கு ஆபத்து. புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

பட்டறையில் கேட்க வேண்டியவை

முதலில் ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் வாயுவை அடைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை பூசினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். அதைச் சரிசெய்த பிறகு, பம்பு வைத்து உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். இதற்குச் சுமார் அரைமணி நேரம் பிடிக்கும். இதைச் செய்யாவிட்டால் உள்ளே தங்கிய ஈரம் உறைந்து வழியை அடைக்கும். அதன் பிறகே கேஸை எடை போட்டு நிரப்ப வேண்டும். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது பானெட்டின் அடியில் உள்ள சீட்டில் அச்சிட்டிருக்கும். சிறிய கார்களுக்குச் சுமார் அரைக் கிலோதான் பிடிக்கும். அளவுக்கு மேல் அடைத்தாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசரும் கெடும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஓட்டையை அடைப்பது நம் பைக்கு மட்டும் நல்லதன்று. முன்பு வண்டிகளில் பயன்பட்ட ஆர்-12 என்ற கேஸ், பூமியைக் காக்கும் ஓசோன் படலத்தை அரித்தது. 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் உலக நாடுகள் அதைப் படிப்படியாகக் கைவிட்டன. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ, சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அரைக் கிலோ கேஸ் காற்றில் கலந்தால், ஏறத்தாழ 260 லிட்டர் டீசலை எரித்த அளவு கெடுதல். கண்மாய் நிரம்ப உரிய காலத்தில் மழை வேண்டும் என்று வானத்தைப் பார்க்கும் நமக்கு இதில் அக்கறை உண்டல்லவா?

வெப்பத்தை உள்ளே விடாதீர்கள்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பாருங்கள். கனத்த சுவர், உயர்ந்த கூரை, நடுவே முற்றம், நேருக்கு நேர் வாசல்கள். வெயிலைத் தடுத்து, காற்றை ஓடவிட்டு முன்னோர் வீட்டைக் குளிர்வித்தனர். அந்த முறையை வண்டிக்கும் கையாளலாம். புளியமர நிழலில் நிறுத்துங்கள். ஏறியதும் கதவுகளைத் திறந்து, உள்ளிருக்கும் அனல் வெளியேறிய பிறகு ஏ.சி.யைப் போடுங்கள். சற்றுக் குளிர்ந்ததும், உள்காற்றையே சுற்றவிடும் நிலைக்கு மாற்றுங்கள். நீண்ட நேரம் ஓட்டுவதாக இருந்தால் அவ்வப்போது வெளிக்காற்றையும் விடுங்கள். வண்டி ஓடாத மாதங்களிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட்டினால், உள்ளேயுள்ள எண்ணெய் பரவி ரப்பர் வளையங்கள் காயாமல் இருக்கும்.

ஆகவே, குளிர்ச்சி குறைந்தால் முதலில் பில்டர், அடுத்து கண்டென்சரும் விசிறியும், பிறகு பெல்ட்டும் பியூஸும். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் கேஸ் பேச்சு. அதிலும் ஓட்டையை அடைத்த பிறகே நிரப்புதல். இந்த வரிசையை மனத்தில் இருத்துங்கள். வரும் சித்திரைக்கு முன்பே ஓய்வான ஒரு காலைப்பொழுதில் உங்கள் வண்டியைச் சோதித்துப் பாருங்கள்.